மீன் சுடப் போன தாய்மாமன்

சின்னக்கண்ணுக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. செம்பட்டியில் பஸ் ஏறியதும் கண்டக்டர், "ஏய், உள்ள தள்ளிப் போ" என்று சொன்னதற்காக அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, சித்தையன்கோட்டை வரைக்கும் உச்சி வெயிலில் நடந்தே வந்தவர் அவர். கூட வந்த மனைவி அழகம்மாள் இறங்கவில்லை. அவள் அதே பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்து, சோறு வடித்து, அவர் வருவதற்குள் ஒரு தூக்கமும் போட்டு எழுந்துவிட்டாள். புருஷனுடைய கோபத்தில் எதற்குக் கூட நிற்க வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பஹ்ரைனில் ஒரு ஹோட்டலில் பதினோரு வருஷம் மீன் சுட்டவர் சின்னக்கண்ணு. அங்கிருந்து கிளம்பி வந்ததும் கோபத்தில்தான். முதலாளியின் மைத்துனன் ஒருநாள் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டானாம். "வெரலுக்கு ஓடி வர்றதுக்கு நான் என்ன நாயா?" என்று கையிலிருந்த இடுக்கியை அடுப்பிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டார். ஊருக்கு வந்து இருந்த நிலத்தில் மல்லிகையும் கத்தரியும் போட்டார். அது போகக் கொல்லையில் ஒரு தார் டிரம்மை நீளவாக்கில் அறுத்து, நான்கு கால் வைத்து, மேலே கம்பி வலை பொருத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆத்தூர் அணை மீனை வாங்கிச் சுட ஆரம்பித்தார்.

முதன்முதலாக அதில் சுட்ட மீனைத் தங்கச்சி பொன்னழகு குடும்பத்துக்குத்தான் போட்டார். அவராகக் கூப்பிட்டு, அவராக ஆசைப்பட்டுப் போட்டது. அங்கேதான் வினை ஆரம்பித்தது. தங்கச்சி புருஷன் பழனிக்குமாருக்குத் திண்டுக்கல்லில் பெயிண்டுக் கடை. கையை நக்கிக்கொண்டு போன மனுஷன், அடுத்த மாதமே கடைச் சிநேகிதர்கள் நாலு பேரோடு வந்து நின்றார். பிறகு, "மச்சான், அந்த டிரம்ம ஒரு வண்டியில ஏத்திட்டு நம்ம வீட்டுக்கு வந்துருங்களேன்" என்றார். நத்தம் ரோட்டில் கட்டிய புது வீட்டின் பால்காய்ச்சு, கடையின் ஆண்டு விழா, யாரோ ஒரு அதிகாரியின் பிறந்தநாள் என்று ஒவ்வொன்றுக்கும் சின்னக்கண்ணு டிரம்மோடு போனார். போன இடத்திலெல்லாம் எல்லாரும் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு, வலையில் ஒட்டிக்கொண்டு கிடந்த துண்டுகளை நின்றபடியே பிய்த்துத் தின்றுவிட்டு வந்தார்.

பழனிக்குமார் கெட்டவர் என்று சொல்ல முடியாது. காரியக்காரர். அப்படிப்பட்டவர்களுக்கு யாரைப் பார்த்தாலும் இவரால் என்ன ஆகும் என்பதுதான் முதலில் தெரியும்; இவர் நமக்கு என்ன முறை என்பது அப்புறம்தான் தெரியும்.

இதையெல்லாம் சின்னக்கண்ணு பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் தங்கச்சி மகள் கீர்த்தனா. அவளுக்கு மொட்டை போட்டது இவர் மடியில், காது குத்தியது இவர் மடியில். அன்றைக்கு மேளதாளத்தோடு தெருவை அடைத்துத் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுபோனவர். அவள் கல்யாணத்தில் தாய்மாமனாக மாலை போட்டு நிற்க வேண்டும் என்று பட்டுக்கரை வேட்டி ஒன்றை எடுத்துப் பெட்டியில் வைத்திருந்தார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் டெங்குக் காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளிவிட்டது. கல்யாணமோ மாப்பிள்ளை ஊரான ஒட்டன்சத்திரத்தில். ஆஸ்பத்திரிக் கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க, அங்கே மணவறையில் தாய்மாமன் இடத்தில் இவருடைய சித்தப்பா மகன் அசோக்குமார் நின்றான். வேறு வழியில்லை என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் மனசு ஆறவில்லை. போனில் வந்த கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு நர்சை ஒரு பிடி பிடித்தார். பாவம், அவள் ஊசி போட வந்தவள்.

காய்ச்சல் விட்டதும் பொன்னழகு தாம்பூலத்தோடு நேரில் வந்தாள்.

"அண்ணே, மனசுல ஒண்ணும் வச்சுக்காத. ஞாயித்துக்கெழம சம்பந்தி வீட்டுக்காரகளுக்கு நம்ம வீட்டுல விருந்து வச்சிருக்கோம். அவுக பக்கத்துல தாய்மாமனுக்கு வேட்டி துண்டு வச்சுக் குடுக்குற மொற ஒண்ணு இருக்காம். கல்யாணத்தன்னைக்கு நீ இல்லைன்னு நான் அத நிப்பாட்டி வச்சிருக்கேன். நீ வந்து மாப்பிள்ளைக்குப் பக்கத்துல உக்காந்து வாங்கிக்கணும். மொத எல உனக்குத்தான்."

சின்னக்கண்ணு திரும்பி அழகம்மாளைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "காப்பி போட இம்புட்டு நேரமா?" என்று அவளை ஒரு அதட்டு அதட்டினார்.

சனிக்கிழமை சாயங்காலம் பழனிக்குமாரிடமிருந்து போன் வந்தது.

"மச்சான், ஒரு சின்ன ஒதவி. மாப்பிள்ளை பெங்களூர்ல இருக்காருல்ல, அவருக்கு பார்பிக்யூன்னா உசுராம். கீர்த்தனாதான் சொல்லுச்சு. நீங்க வரும்போது டிரம்ம எடுத்துட்டு வந்தீகன்னா, பத்தவச்சு ரெண்டு மீன மட்டும் காட்டிக்குடுங்க. மிச்சத்தச் சமையக்காரரு பாத்துக்குவாரு."

அழகம்மாள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க உக்காரப் போறீகளா, சுடப் போறீகளா?" என்றாள்.

"ரெண்டுந்தேன். காட்டிக்குடுத்துட்டு உக்காரப் போறேன்."

"அவுக உக்கார விட்டாச் சரி."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கைலியைக் கட்டிக்கொண்டு, பட்டுக்கரை வேட்டியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, டிரம்மோடும் கருவேலங்கரி மூட்டையோடும் அழகம்மாளையும் கூட்டிக்கொண்டு போய் இறங்கினார். பழனிக்குமார் வீட்டுக் கொல்லையில் சாமியானா போட்டு, மேஜையும் நாற்காலியும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். மூலையில் கொய்யா மரத்துக்குப் பக்கத்தில் டிரம்முக்கு இடம் காட்டினார்கள். தரையில் பேசின் பேசினாக மீன். அணையிலிருந்து விராலும் ஜிலேபியும், ராமேஸ்வரத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த சீலாவும் சங்கராவும். இரண்டு மீன் காட்டிக்கொடுக்க வந்த இடத்தில் ஒரு மீன் கடையே இருந்தது.

சமையல்காரர் ஆரோக்கியதாஸ் குழம்பைக் கொதிக்கவிட்டபடி தூரத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணாச்சி, சோறு, கொழம்பு, ரசம், வெஞ்சனம் எதுன்னாலும் என் பொறுப்பு. இந்தக் கம்பி வேல எனக்குத் தெரியாது. பழனி சார்ட்ட அப்பவே சொல்லிட்டேன்."

அப்பவே சொல்லியிருக்கிறார். பிறகும் மச்சானுக்கு அப்படிப் போன் வந்திருக்கிறது. சின்னக்கண்ணுக்குச் சுருக்கென்று ஏறியது. ஆனால் மீன் வந்துவிட்டது, வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கரியைக் கொட்டினார்.

மீனுக்கு மீன் நெருப்பு வேறு. ஜிலேபிக்கு இரண்டு பக்கமும் கீறிவிட்டு, சின்ன வெங்காயமும் மிளகும் காய்ந்த மிளகாயும் அரைத்த மசாலாவைக் கீறலுக்குள் அழுத்தி, தணல் நன்றாக ஏறியிருக்கும்போதே சுட்டு எடுத்துவிட வேண்டும். சீலாத் துண்டு கொஞ்சம் அசந்தாலும் வறண்டு மரக்கட்டையாகிவிடும். எலுமிச்சம்பழத்தை எண்ணெயில் தொட்டுத் தொட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சங்கராவை வாழை இலையில் சுற்றி ஓரத்தில் போட்டுவிட்டால் அது பாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும். விரால்தான் ஆளை அசைய விடாது. முழுசாகப் போட்டு, தணலைத் தள்ளித் தள்ளிக் குறைத்து, அடியில் தோல் இறுகுகிற வரைக்கும் காத்திருந்து புரட்ட வேண்டும். முந்திக்கொண்டால் தோல் கம்பியோடு போய்விடும். பிந்தினால் கரி. விரால் வலையில் இருக்கும்போது சுடுகிறவர் வேறு எங்கும் போக முடியாது.

முதல் ஈடு ஜிலேபி முடிந்ததும் பொன்னழகு இன்னொரு பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நான் எப்பத்தா குளிச்சு வேட்டி மாத்துறது?" என்று கேட்டார்.

"செத்த நேரம்ண்ணே. அவுக வர ஒரு மணி ஆகும். இத மட்டும் முடிச்சிரு."

அவர்கள் ஒரு மணிக்கு வரவில்லை. பன்னிரண்டுக்கே இரண்டு வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். சின்னக்கண்ணு அப்போது கைலியை மடித்துக் கட்டி, பனியனெல்லாம் கரியாக, முகத்தில் வேர்வை வழிய, அட்டையால் தணலை விசிறிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை முகேஷ்குமார் நேராக டிரம்மைத் தேடித்தான் வந்தான். நல்ல பையன். போனை எடுத்து மீனைப் படம் பிடித்தான்.

"செம வாசனை மாஸ்டர். இது என்ன மீனுங்க?" என்றான்.

சின்னக்கண்ணு பழனிக்குமாரைப் பார்த்தார். மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார் பழனிக்குமார். இப்போது சொல்வார், இவர் மாஸ்டர் இல்லை மாப்பிள்ளை, கீர்த்தனாவுடைய தாய்மாமன் என்று. பழனிக்குமார் இவருடைய பனியனைப் பார்த்தார். கைலியைப் பார்த்தார். பிறகு, "பஹ்ரைன்ல பெரிய ஹோட்டல்ல இருந்தவரு மாப்ள. கை பட்டா மீனு பேசும்" என்று சிரித்துக்கொண்டே மாப்பிள்ளையைச் சாமியானாப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

சரி, உட்காரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். சின்னக்கண்ணும் அப்படித்தான் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். கீர்த்தனா பட்டுச்சேலையில் தூரத்திலிருந்தே, "மாமா, எனக்கு ஒரு ஜிலேபி தனியா எடுத்து வைங்க" என்று கையாட்டிவிட்டு நாத்தனார்களோடு போய்விட்டாள். புருஷனுக்கு இவரைத் தெரிந்திருக்கும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். புதுப்பெண், அவளைக் குற்றம் சொல்லக் கூடாது.

இரண்டு விராலை வலையில் போட்டிருந்தார். அடிப்பக்கம் இன்னும் இறுகவில்லை. அப்போதுதான் சாமியானாவில் பந்தி போட்டார்கள். புகைக்கு இந்தப் பக்கம் நின்றபடி அவர் பார்த்தார். மாப்பிள்ளை உட்கார்ந்தான். மாப்பிள்ளையின் அப்பா வேலுமணி ஒரு தட்டில் வேட்டி, துண்டு, பழம் வைத்து எடுத்துக்கொண்டு எழுந்தார். பெண்ணின் தாய்மாமனைக் கேட்டிருப்பார் போல. மாப்பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பழனிக்குமார் கொல்லை மூலையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, வெள்ளைச் சட்டையில் ஓரமாக நின்றுகொண்டிருந்த அசோக்குமாரின் தோளைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

அசோக்குமார் பாதி எழுந்தான். "இல்ல, அண்ணே அங்க..." என்று அவன் சொன்னது அரைகுறையாகக் கேட்டது.

"அவரு எந்திரிச்சு வந்தா மீனு கருகிரும். கல்யாணத்துல நீங்கதான நின்னீக, உக்காருங்க மச்சான்" என்றார் பழனிக்குமார்.

"ஏனுங்க, பொண்ணோட தாய்மாமனுக்கு எங்கூட்டு மொறைங்க இது. வாங்கிக்கோணுங்க" என்று வேலுமணி தட்டை நீட்டினார். அசோக்குமார் வாங்கிக்கொண்டான். யாரோ கை தட்டினார்கள். பொன்னழகு சோற்று வாளியோடு அங்கேயேதான் நின்றாள்.

சின்னக்கண்ணுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. வழக்கமாக என்றால் இந்நேரம் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்திருப்பார். வாயில் வந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, சாயங்காலத்துக்குள் தணிந்து, மறுநாள் தானே போன் போட்டுப் பேசியிருப்பார். இந்தத் தடவை சத்தம் வரவில்லை. கூடப்பிறந்தவன் கரி அள்ளுகிறான், ஒன்றுவிட்டவன் நாற்காலியில் இருக்கிறான். அதைத் தங்கச்சி பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதற்குக் கத்தி என்ன ஆகப் போகிறது? கத்தினால், மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது என்பார்கள்.

இடுக்கியைக் கீழே வைத்தார். குழாயடிக்குப் போய்க் கை கழுவினார், முகம் கழுவினார். கொய்யாக் கிளையில் மாட்டியிருந்த பையை எடுத்தார். உள்ளே மடிப்புக் கலையாமல் வேட்டி இருந்தது. இவர்களுக்காக எதற்கு மாற்ற வேண்டும் என்று பையைத் திரும்பக் கிளையிலேயே மாட்டினார். கரிப் பனியனும் கைலியுமாக நேரே சாமியானாவுக்குள் போய், மாப்பிள்ளைக்கு எதிர் வரிசையில் காலியாக இருந்த ஒரு இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அழகம்மாள் எழுந்து வந்து அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள்.

பழனிக்குமார் ஓடி வந்தார். "மச்சான், என்ன இங்க உக்காந்துட்டீக? விரால் கெடக்கு."

"கெடக்கட்டும்."

"கருகுது மச்சான், வாசன வருது."

"கருகட்டும். அந்தா, தாய்மாமன் உக்காந்திருக்காருல்ல. அவரப் போய்ப் பெரட்டச் சொல்லுங்க."

வேலுமணி ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க, மாஸ்டருக்கு என்னாச்சுங்க?" என்றார்.

"ஒண்ணுமில்ல சம்பந்தி, அவரு கொஞ்சம் கோவக்காரரு" என்று பழனிக்குமார் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

சின்னக்கண்ணு அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. தங்கச்சியை மட்டும் பார்த்தார். வாளி அவள் கையில் இருந்தது. இலை அவளுக்கு நாலடி தூரத்தில் இருந்தது. அவள் அண்ணனுடைய இலையைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள், மூலையில் கிளம்பிய கரும்புகையைப் பார்த்தாள். வாளியைத் தொப்பென்று கீழே வைத்துவிட்டு டிரம்மைப் பார்த்து ஓடினாள்.

அசோக்குமார் நாற்காலியில் உட்கார்ந்தபோதுகூட அவருக்கு இவ்வளவு வலிக்கவில்லை. மீனுக்கு ஓடுகிறாள். தான் டவுசர் போட்ட வயசிலிருந்து இடுப்பில் தூக்கிச் சுமந்த தங்கச்சி, அண்ணனைத் தாண்டி மீனுக்கு ஓடுகிறாள். சின்னக்கண்ணு கையை மேஜை மேல் அழுத்தி வைத்துக்கொண்டார்.

பொன்னழகு இடுக்கியை எடுத்து விராலை இழுத்தாள். தோல் கம்பியோடு பிய்ந்து வந்தது. இன்னொரு பக்கம் இழுத்தாள், மீன் இரண்டாக உடைந்து ஒரு துண்டு தணலில் விழுந்தது. எண்ணெய் பட்டு நெருப்பு எழும்பியது. புகை முகத்தில் அடிக்க, பழகிய வாய், யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்காமல் கூப்பிட்டுவிட்டது.

"அண்ணே, இத எப்பிடிண்ணே பெரட்டணும்? ஒட்டிக்கிச்சுண்ணே, செத்த வாண்ணே."

முகேஷ்குமார் கீர்த்தனாவைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணனா? அந்த மாஸ்டரா?"

"மாஸ்டரா? அவரு எங்க மாமா. அம்மாவோட கூடப்பொறந்த அண்ணன்" என்றாள் கீர்த்தனா. சொன்ன பிறகுதான் நடந்தது என்னவென்று அவளுக்குப் புரிந்தது. அப்பாவைப் பார்த்தாள். பழனிக்குமார் சாமியானாக் கயிற்றைச் சரிசெய்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சின்னக்கண்ணு இலையில் தண்ணீர் தெளித்தார்.

"மொதல்ல எனக்குச் சோத்தப் போடு. அப்பறம் சொல்றேன்" என்றார். அதட்டவில்லை. பந்தி முழுக்கக் கேட்டது.

பொன்னழகு இடுக்கியோடு நின்றாள். அடுப்பில் விரால் எரிந்துகொண்டிருந்தது. இடுக்கியைப் போட்டுவிட்டு, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வாளியைத் தூக்கினாள். அண்ணன் இலைக்கு முன்னால் வந்து குனிந்தபோது வேலுமணி எழுந்துவிட்டார்.

"ஏம்மா, இவருங்களா உங்க அண்ணன்?"

"ஆமாங்க. கூடப்பொறந்த அண்ணன். கல்யாணத்தன்னைக்குக் காய்ச்சல்ல கெடந்தவரு இவருதான்" என்றாள் பொன்னழகு. குரல் உடைந்தது. "நாங்கதான் கொண்டாந்து அடுப்புல நிப்பாட்டிட்டோம்."

அசோக்குமார் அதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து வேலுமணி கையில் கொடுத்துவிட்டு, விட்டால் போதும் என்று நகர்ந்துகொண்டான். வேலுமணி அந்தக் கரிப் பனியன் மேலேயே துண்டைப் போட்டார். "தெரியாம நடந்துபோச்சுங்க. மனசுல வச்சுக்காதீங்க. வாங்க, மாப்பிள்ளைக்குப் பக்கத்துல வந்து உக்காருங்க" என்றார்.

"உங்க மேல எனக்கு ஒண்ணுமில்லைங்க" என்றார் சின்னக்கண்ணு. "எனக்கு இந்த எலையே போதும்."

எழுந்திருக்கவில்லை. குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். கொல்லை முழுக்க மீன் தீய்ந்த நாற்றம். ஓரத்தில் போட்டிருந்த சங்கராவும் இலையோடு சேர்ந்து எரிந்தது. அணைக்கப் போன ஆரோக்கியதாஸ் ஒரு குடம் தண்ணீரை டிரம்மில் கொட்டிவிட்டார். முதலில் சுட்டு வைத்திருந்த ஜிலேபி மாப்பிள்ளை வரிசைக்குக்கூடப் போதவில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் ரசத்தை ஊற்றித்தான் சாப்பிட்டார்கள். பழனிக்குமார் இரண்டு முறை பக்கத்தில் வந்து, "மச்சான்..." என்று ஆரம்பித்தார். சின்னக்கண்ணு நிமிர்ந்தே பார்க்கவில்லை. "போதும்ங்க" என்று அழகம்மாள் மெல்லச் சொன்னாள். அதையும் அவர் காதில் வாங்கவில்லை.

பொன்னழகு இலைக்கு முன்னாலேயே நின்றாள். கண்ணீர் வாளிக்குள் விழுந்துவிடாமல் முகத்தைத் திருப்பித் தோளில் துடைத்துக்கொண்டாள். "போதுமாண்ணே?" என்று கேட்டாள்.

வயிறு எப்போதோ நிறைந்துவிட்டது. ஆனாலும் எல்லாரும் பார்க்க அவள் இன்னொரு தடவை குனிய வேண்டும் என்றிருந்தது அவருக்கு.

"இன்னும் போடு" என்றார்.